பெருவழியும் நத்தை வீடும்

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. அதைவிட வியப்பு, ஒன்று பேசினால் மற்றொன்று கேட்டது. அப்போது நத்தையின் முதுகில் எதுவும் கிடையாது. எல்லாரையும் போல அதற்கும் வீடு ஓரிடத்தில் இருந்தது. குட்டையோரப் பாறையின் நிழலில், சுண்ணாம்பால் சுற்றிச் சுற்றிக் கட்டிய சிறு வீடு.

காட்டின் நடுவே ஒரு தடம் ஓடியது. யானைகள் நடந்து நடந்து உண்டானது. அதற்குப் பெயர் இல்லை. பெயரில்லாததால் அது யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லாததால் எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். முள் விழுந்தால் முதலில் வருபவர் எடுத்துப் போடுவார். மழை அரித்துப் போனால் முயல்கள் மண் தள்ளும்.

ஒரு கோடையில் குட்டை வற்றியது. மேட்டுக்கு அப்பால் இருந்த சுனையில்தான் தண்ணீர். காடே அந்தத் தடத்தில் நடந்தது. காட்டெருது சபையைக் கூட்டியது.

"இத்தனை பேர் நடக்கிற ஒன்றைத் தடம் என்று சொல்வது நமக்கு அழகா?" என்று கேட்டது.

அழகில்லை என்று சபை கண்டுகொண்டது. தன் பாட்டனார் பெயரை வைக்கலாம் என்றது எருது. கால் தேய்ந்தது எங்களுக்கு, பெயர் உன் பாட்டனுக்கா என்றன யானைகள். நாக்கு வறண்டு கிடந்தும் பெயர் விஷயத்தில் ஒருவரும் இறங்கி வரவில்லை. கடைசியில் 'பெருவழி' என்று வைத்தார்கள். யாருக்கும் பிடிக்காத பெயர் என்பதால் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

பெயர் வந்ததும் பெருவழிக்குக் காவல் வந்தது. காவலுக்கு வயிறு இருந்ததால் சுங்கம் வந்தது. யார் எதைக் கொண்டுபோனாலும் அதில் ஒரு வாய் கட்ட வேண்டும்; வழிக்கு ஆன செலவு மீளும்வரைதான் என்று சபை சொன்னது. யானை நடந்ததற்கு என்ன செலவு என்று யாரும் கேட்கவில்லை. புலி, எருது, யானை ஆகிய பெருமக்களுக்கு விலக்கு. மேட்டு உச்சியில் நட்ட சுங்கக்கல்லிலிருந்து பார்த்தால் யார் வீடு தெரிகிறதோ அவர்களுக்கும் விலக்கு. பிறகு யாரும் முள் எடுக்கவில்லை. "அதுக்குத்தானே சுங்கம் கட்டுறோம்" என்றன முயல்கள்.

அந்தக் கோடையில்தான் நத்தையின் முட்டைகள் பொரிந்தன. பிழைத்தது ஒன்றே ஒன்று. வெயில் பட்டால் தாங்காத தோல். அதை வீட்டுக்குள் விட்டு, வாசலை இலையால் அடைத்துவிட்டு, நத்தை சுனைக்குப் போய் வாய் நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு திரும்பியது.

மேட்டின் உச்சியில், சுங்கக்கல்லைப் பற்றிக்கொண்டு காவல் உடும்பு கிடந்தது.

"என்னம்மா கொண்டு போறே?"

நத்தை தலையை ஆட்டியது.

"வாயைத் திறந்து சொல்லு. சொல்லாம ஒருத்தரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு."

வேறு வழியில்லாமல் நத்தை வாயைத் திறந்தது. தண்ணீர் கல்லில் வழிந்தது. உடும்பு அதை நக்கி முடித்தது. "ஒரு வாய். சரியாப் போச்சு. நீ போகலாம்."

"அண்ணே, என்கிட்ட இருந்ததே அந்த ஒரு வாய்தான். வீட்டுல பச்சைக் குழந்தை காயுது."

"இருந்தது எவ்வளவுன்னு விதி கேக்கலையேம்மா. பெருசு சிறுசுன்னு பேதம் பாத்தேன்னு நாளைக்கு என்னை ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாரு."

அப்போது புலி ஒரு மானைக் கவ்விக்கொண்டு அந்த வழியே போனது. உடும்பு தரையோடு தரையாகப் படுத்து, அது போன பிறகு எழுந்தது. நத்தையின் மனம் மற்றொரு விலக்கில் நின்றது. வீடு இங்கே இருந்தால்?

திரும்பிப் போய், பாறையிலிருந்து வீட்டைக் கெல்லி எடுத்தது. குழந்தை உள்ளே இருக்க, வீட்டை முதுகில் ஏற்றிக்கொண்டு மேடு ஏறியது. வழியெல்லாம் முள். உள்ளே லேசாக ஓர் அசைவு முதுகில் உறைத்துக்கொண்டே இருந்தது. அந்த அசைவுதான் அதை நடத்தியது.

"அண்ணே, இதோ என் வீடு. உங்க கல்லுலேருந்து நல்லாவே தெரியுது."

உடும்பு நாக்கை நீட்டி வீட்டைத் தடவிப் பார்த்தது. "வீடுன்னா நின்ன இடத்துல நிக்கணும். இது முதுகுல இருக்கு. அப்போ சுமை. சுமைக்கு ஒரு வாய் கட்டணும்." வாயைத் திறந்துகொண்டு நெருங்கியது.

"கடிக்காதீங்க அண்ணே, உள்ளே குழந்தை இருக்கு."

உடும்பு தயங்கியது. அது கெட்டதில்லை, விதியைத் தவிர வேறெதையும் பற்றிக்கொள்ளத் தெரியாதது. "அப்போ வீடா, சுமையான்னு சபையைக் கேட்டு விடறேன். பதில் வர்ற வரைக்கும் அசையாதே."

சபை நிழலில் உறங்கிக்கொண்டிருந்தது. எழுந்ததும் வாதம் தொடங்கியது. நத்தை சொன்னபடி அசையாமல் நின்றது. அது செய்த பிழை அதுதான். கல் கொதித்தது. சூரியன் சாய்ந்தது. முதுகில் அசைவு எப்போது நின்றதென்று அதற்குத் தெரியவில்லை. நின்றுவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

நத்தை பெருவழியைவிட்டு இறங்கியது.

"அங்கே வழியில்லைம்மா. வெறும் கல்லும் முள்ளும்தான்" என்று உடும்பு கத்தியது.

நத்தை தன் உடம்பில் மிச்சமிருந்த ஈரத்தைத் தரையில் விட்டது. அந்த ஈரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு, முள்முனையையும் கல்விளிம்பையும் கடந்து சுனைக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டின் வாசலைத் தண்ணீரில் நனைத்துக் கூப்பிட்டது. பதில் இல்லை. உள்ளே போனது. சிறிய வீடுதான், ஆனால் சுற்றிச் சுற்றிப் போகிற வீடு. கடைசிச் சுற்றில், காய்ந்த பூவிதழ் போல ஒன்று சுவரோடு ஒட்டியிருந்தது.

அன்று மாலை சபையின் தீர்ப்பு சுங்கக்கல்லுக்கு வந்தது. அது வீடுதான், நத்தைக்கு விலக்கு உண்டு. உடும்பு அதை உரக்கச் சொன்னது. கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

அன்று முதல்தான் நத்தை எங்கே போனாலும் வீட்டை இறக்கி வைப்பதில்லை. பிறர் போட்ட வழியை நம்பாமல் தன் உடம்பின் ஈரத்தாலேயே தனக்கு வழி போட்டுக்கொள்கிறது. யார் தொட்டாலும், அசைந்தது குழந்தைதானோ என்று, கடைசிச் சுற்றுவரை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.