பாதி விலைக்கு ஒரு கோழி

முன்னொரு காலத்தில், நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்காமல் கோழி வாங்க யாரும் மடியை அவிழ்க்காத அந்த நல்ல காலத்தில், ஓர் அரசருக்குத் திடீரென்று பழைய ஆசை ஒன்று வந்துவிட்டது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் இலையைத் தள்ளி வைத்தார். கோழிக் குழம்பு சப்பென்று இருந்ததாம். இளவரசராக இருந்தபோது விகடகவி உலகப்பனோடு மாறுவேடத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், கடை கடையாக விலை கேட்டு, பேரம் பேசி ஒரு கோழி வாங்கி, ஆற்றங்கரையில் கல்லைக் கூட்டி, மிளகு தட்டிப் போட்டுச் சமைத்துத் தின்றாரே, அந்த ருசி வேண்டுமாம். சொல்லும்போதே அவருக்கு நாக்கில் நீர் ஊறியது. கேட்டுக்கொண்டிருந்த உலகப்பனுக்கும்தான்.

அவன் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா?

"அரசே, அரண்மனைக்கு வருவதெல்லாம் ஊதிய கோழி. தூக்கிப் பார்த்தால் கனக்க வேண்டும் என்று ஈர அரிசியையும் மணலையும் திணித்து விற்கிறார்கள். இரைப்பையைத் தொட்டாலே தெரியும். அதற்கு விலையும் அதிகம்" என்றான்.

அரண்மனைக்கு அரிசி முதல் ஆடு கோழி வரை வாங்கிப்போடும் உக்கிராண அதிகாரி கனகசபையாருக்கு முகம் கறுத்தது. அரசர் உலகப்பனோடு சிரித்துப் பேசுவதே அவருக்கு ஆகாது. "மகாராஜா, நாளை சந்தை நாள். நான் கொடுக்கும் விலையில் பாதிக்கு, இதைவிட நல்ல கோழியை விகடகவி உச்சிப்பொழுதுக்குள் கொண்டு வரட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார்.

நாக்கு ருசி அரசரின் கண்ணை மறைத்தது. அப்படியே ஆகட்டும் என்றுவிட்டார். எங்கே வாங்க வேண்டும் என்று உலகப்பன் கேட்டான். எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும் என்று கனகசபையார் தாராளமாகச் சொன்னார்.

விடிந்ததும் அவன் சந்தைக்குப் போனால், கூடையெல்லாம் காலி. கனகசபையாரின் ஆட்கள் முந்திக்கொண்டு வந்து, ஒரு குஞ்சைக்கூட விடாமல் வாங்கி வண்டியேற்றிப் போயிருந்தார்கள். இனி நாட்டை விட்டுப் போக வேண்டியதுதானோ என்று உலகப்பன் நினைத்தான். வேறு நாட்டில் சோறு கிடைக்காமலா போகும்? ஆனால் அந்த ஆற்றங்கரையைப் பற்றிப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்?

சரி, இத்தனை கோழியும் எங்கே போயிருக்கும் என்று யோசித்தான். வழியெல்லாம் உதிர்ந்து கிடந்த இறகுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அவை கனகசபையார் வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் விட்டன.

அங்கே கிணற்றின் மேல் கோழி, ஓட்டின் மேல் கோழி, வடகப் பாயின் மேலும் கோழி. கனகசபையாரின் மனைவி வடிவம்மை துடைப்பத்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். உலகப்பன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, வியாபாரிபோல், கோழி விலைக்கு உண்டா என்று கேட்டான்.

"மவராசனா இருப்பே, எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போ. போட்ட வடகமெல்லாம் போச்சு. அவரு குடுத்ததுல பாதி குடு, போதும்" என்றாள் அவள்.

அவன் கொழுத்த கோழி ஒன்றைத் தூக்கினான்.

"ஐய, அதை ஏன் எடுக்கிறே? அதெல்லாம் அரமனைக்குப் போறது, உள்ளே வெறும் ஈர அரிசியும் மணலும். நாங்க திங்கிறதுக்கு அந்த மூலையில கட்டி வச்சிருக்கார் பாரு, அதுல ஒண்ணைப் பிடிச்சுக்கோ. இன்னிக்கு இருக்கிற எரிச்சலுக்கு எனக்கு எந்தக் கோழியும் வேண்டாம்."

உலகப்பன் நெஞ்செலும்பைத் தடவினான், இரைப்பையை அமுக்கினான். பழுதே இல்லை. கேட்ட விலையை அப்படியே கொடுத்தான். பேரம் பேசாமல் கோழி வாங்கியது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அது மட்டும் மனசுக்குக் குறையாக இருந்தது.

உச்சிப்பொழுதில், அரசரும் கனகசபையாரும் பார்த்திருக்க, அதே ஆற்றங்கரையில் குழம்பு கொதித்தது. அரசர் ஒரு துண்டை வாயில் போட்டார், உடனே அடுத்த துண்டையும் எடுத்தார். கண் கலங்கிவிட்டது. இந்தக் கோழி எங்கே கிடைத்தது என்று பிறகுதான் கேட்டார்.

"கனகசபையார் வீட்டுக் கொல்லையில், அரசே. எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அவரே சொன்னாரே" என்ற உலகப்பன், அந்த அம்மாள் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னான். கனகசபையார் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அரசர் புரையேறும்வரை சிரித்தார். அரண்மனைக்கென்று வாங்கிய ஊதிய கோழிகளையெல்லாம் கனகசபையாரே தின்று தீர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உலகப்பனுக்குப் போட்டார்.

"மாலை இருக்கட்டும் அரசே. அடுத்த வெள்ளிக்கிழமை தாங்கள் என்னோடு சந்தைக்கு வர வேண்டும்."

"வருகிறேன். ஆனால் இந்தத் தடவை கோழியை நீதான் தூக்க வேண்டும். அன்றைக்கு என் தோளையெல்லாம் பிறாண்டிவிட்டது" என்றார் அரசர்.

அந்த வெள்ளிக்கிழமை, ஒட்டுத் தாடி வைத்த இருவர் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். திரும்பும்போது கோழியைத் தூக்கி வந்தவர் அரசர்தான். நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்த பிறகு, அதை இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.