மரைக்கு எந்தத் தோட்டா?

"தோட்டா சரியில்லை, ரீச்சர்," என்றார் குலவீரசிங்கம்.

தர்மினி துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தத் தோட்டா?"

"என்ர பழைய முந்நூற்றெட்டுக் கலிபர். போன மாதம் ஒரு பெட்டை மரையைச் சுட்டன். பட்டது. பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஆனா விழயில்லை. ஓடிட்டுது."

"தேடினீங்களா?"

"கொஞ்சம் தேடினன். ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. மரையை விழுத்த அந்தத் தோட்டாவுக்குப் பலம் காணாது."

அவள் குழலைத் திருப்பி மறுபக்கத்தைத் துடைத்தாள்.

அவர் மெல்பேர்னில் ரயில்வே பொறியியலாளர். தலை நரைத்துவிட்டது. அவளுக்கு அவரைவிட இருபது வயதாவது குறைவு. விக்டோரியா மலைக்காடுகளில் பெருகிவிட்ட மான்களைச் சுட்டுக் குறைப்பது அவள் தொழில். சனிக்கிழமைகளில் துவக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பாள். அதனால் எல்லோருக்கும் ரீச்சர்.

மற்றவர்கள் கடமான் என்பதை வன்னியில் மரை என்பார்கள். முன்னொரு காலத்தில் இலங்கையிலிருந்தும் கப்பலில் ஏற்றிவந்து இந்த மலைகளில் விட்டிருக்கிறார்கள். ஆண் மரை ஒரு மாட்டளவு இருக்கும். தோல் தடிப்பு. உயிர் அதைவிடத் தடிப்பு.

"ஷோர்ட் மக்னம் துவக்கு ஒண்டு வாங்கப்போறன்," என்றார் அவர். "ரெண்டு வருசமா வாசிச்சுக்கொண்டிருக்கிறன். இருநூற்றெழுபதா, ஏழு மில்லிமீட்டரா, முந்நூறா? எது திறம்?"

"மூண்டும் திறம்."

"அப்பிடிச் சொன்னா எப்பிடி?"

அவள் சட்டைப்பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கட்டை. தடிப்பு. தோள் அகன்ற குள்ளன் ஒருவன் நிமிர்ந்து நிற்பது போல இருந்தது.

"இது என்ர முந்நூறு. நீட்டுத் தோட்டாவுக்குள்ள போற வெடிமருந்து, கிட்டத்தட்ட அவ்வளவும் இந்தக் கட்டைக் கோதுக்குள்ள. துவக்கும் கட்டை, பாரமும் குறைவு. அங்கால் மலையில நிக்கிற மரைக்கும் சன்னம் தாழாமல் போகும். மலை ஏறுறவைக்கு இதைப்போல ஒண்டு இல்லை, அண்ணை."

சொல்லும்போது அவள் குரல் கனிந்திருந்தது.

"அப்ப இதையே வாங்கிறன்."

"சுட்டுப் பாத்திட்டு வாங்குங்கோ."

சுடுகளத்தில் அவரைக் குப்புறப் படுக்க வைத்தாள். ஒவ்வொரு முறையும் தானே முதுகைத் திருப்பி நின்று தோட்டாவைப் போட்டுத் துவக்கைக் கொடுத்தாள்.

முதல் வெடி. தோள் அதிர்ந்தது.

அடுத்த வெடி. பல் கிட்டியது.

அதற்கடுத்த முறை விசையை இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான். வெடி இல்லை. ஆனால் குழல் நுனி, கோழி கொத்துவதுபோல் நிலத்தை நோக்கிக் குத்தியது. அதிர்வை எதிர்பார்த்து அவர் கண்கள் இறுக மூடியிருந்தன.

திறந்தார்.

"மருந்தில்லாத தோட்டாவா போட்டனீங்கள்?"

"ஓம்."

"எனக்கு இது வேண்டாம் எண்டு சொல்லுறீங்கள்."

"நான் அப்பிடிச் சொல்லயில்லை. திருப்பிச் சுடுங்கோ."

மத்தியானம் வரை சுட்டார். சிலது வெடித்தது. சிலது வெடிக்கவில்லை. எது வெடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் ஒரு 'டிக்' வந்தபோது குழல் அசையாமல் நின்றது.

"நாளைக்கு மலைக்கு வாங்கோ," என்றாள்.

மலையில் பனிமூட்டம் விலகும் நேரம். பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில், காட்டின் விளிம்பில், ஓர் ஆண் மரை நின்றது. பிடரி மயிர் நனைந்திருந்தது. கொம்பு கருத்திருந்தது.

"நீங்கள் சுடுங்கோ, ரீச்சர்," என்று குலவீரசிங்கம் கிசுகிசுத்தார். "இந்தத் தோட்டா என்ன செய்யுதெண்டு நான் பாக்கவேணும்."

அவள் படுத்தாள். ஒரு மூச்சு விட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

வெடி மலைமுழுக்க உருண்டது.

மரை ஒருமுறை குலுங்கியது. பிறகு ஒன்றும் நடவாததுபோல் பாய்ந்து பன்னச் செடிகளுக்குள் மறைந்தது.

"தப்பிட்டுது!" அவர் எழுந்துவிட்டார். "இதுவும் இப்பிடித்தானா?"

தர்மினி துவக்கைப் பூட்டினாள். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். தேத்தண்ணி ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"போய்ப் பாக்கிறேல்லையா?"

"குடியுங்கோ."

"ஓடிட்டுது, ரீச்சர்!"

"இப்ப கலைச்சா இன்னும் ஓடும்."

அவர் குடித்தார். வாய் சுட்டது. அவள் ஆறவிட்டுக் குடித்தாள்.

பிறகு பள்ளத்தில் இறங்கி, ஓடையைக் கடந்து, மரை நின்ற இடத்துக்கு ஏறினார்கள்.

"பாருங்கோ," என்றார் அவர். "ஒரு சொட்டும் இல்லை."

அவள் முழங்காலில் இருந்தாள். கையை நிலத்தில் ஊன்றினாள். ஒரு குளம்படி. மண் ஆழமாகக் கிளறியிருந்தது. அடுத்தது எட்டத்தில். ஓரிலை புரண்டு கிடந்தது. அவள் அதைத் தொடாமல் தாண்டினாள்.

குலவீரசிங்கம் சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு அவரும் ஈர மண்ணில் முழங்காலை வைத்தார்.

தடம் செங்குத்தாகப் போனது. வேரைப் பிடித்து, மரத்தைப் பிடித்து ஏறவேண்டியிருந்தது. ஓரிடத்தில் அவர் மூச்சு வாங்க நின்றார். கொஞ்சம் போய் இன்னொருதரம் நின்றார். அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

"ரீச்சர்!"

ஒரு பன்ன இலையின் அடிப்பக்கம். நெஞ்சளவு உயரம். ஒரு சிவப்புப் பொட்டு. அவர்தான் கண்டார்.

அவள் சிரித்தாள். அவள் சிரித்து அவர் கண்டது அதுதான் முதல்தடவை.

விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்துக்கு அப்பால் மரை கிடந்தது. கண் திறந்திருந்தது. உயிர் போய் நேரமாகிவிட்டது.

அவர் அதன் பக்கத்தில் அமர்ந்தார். நனைந்த பிடரியில் கையை வைத்தார்.

"என்ர பெட்டை மரையும்..."

"ம்."

"எங்கையோ கிட்டத்தான் கிடந்திருக்கும்."

அவள் தலையசைத்தாள்.

"அண்டைக்கு மழை தூறினது. பள்ளத்துக்குள்ள நான் இறங்கயில்லை, ரீச்சர். அந்த இடத்துக்குப் போகவேணும்."

"இவ்வளவு நாளைக்கு நரி ஒண்டும் மிச்சம் வைச்சிராது, அண்ணை."

"எண்டாலும் பாக்கவேணும்."

"வாற கிழமை நானும் வாறன்."

கத்தியை எடுத்தாள். அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார். தோலில் ஒரு விரல் நுழையும் ஓட்டைதான். மறுபக்கத்தால் சன்னம் வெளியே வரவேயில்லை. அதனால்தான் நிலத்தில் ரத்தம் இல்லை.

அவள் இருதயத்தை எடுத்து இரண்டு கைகளிலும் ஏந்தி அவரிடம் கொடுத்தாள்.

இன்னும் சூடாக இருந்தது. மேற்பாதி இல்லை. கிழிந்த தசை மட்டும் தொங்கியது. இரண்டு வருடம் அவர் வாசித்த வேகங்களும் விசைகளும் இப்போது அவர் கையில் கிடந்தன.

"என்ன தோட்டா, ரீச்சர்! உண்மையா... என்ன ஒரு தோட்டா!"

"ஓம். நல்ல தோட்டா."

அவள் கையைப் புல்லில் துடைத்தாள். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டாள். மரையைப் பார்த்தாள். பிறகு தாங்கள் ஏறிவந்த சரிவைப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார். ஓடை எங்கோ அடியில், நூல்போலத் தெரிந்தது.

"இந்த இருதயத்தோட," என்றாள் அவள், "இவன் மேட்டுக்கு ஓடியிருக்கிறான், அண்ணை."

குலவீரசிங்கம் தொப்பியைக் கழற்றினார்.