சுரங்கத்தில் மாட்டிய நூறு விளக்கு

வேங்கைக்கோட்டையில் சுரங்கப்பாதை ஒன்று இருப்பதாக ஊரே சொல்லும். பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதற்குள் நூறு விளக்கு மாட்டியதாகச் சொல்லி, பேரூராட்சித் தலைவர் தணிகாசலம் சுற்றுலா நிதியில் பத்து லட்சம் வாங்கிவிட்டார். பார்வையிட அதிகாரி வருகிறார் என்றதும் அவருக்கு வேர்த்துவிட்டது. கோட்டையைக் கூட்டிப் பெருக்கும் அம்சவேணியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பன்னிரண்டு வருஷமா இங்கதான கூட்டுற? நாளைக்கு அதிகாரிக்குச் சுரங்க வாசலைக் காட்டணும். இல்லன்னா வேலைக்கு வராத."

"காட்டிடலாங்க தலைவரே."

மறுநாள் அவள் இருவரையும் மதிலோரம் கூட்டிப்போய், ஒரு பெருச்சாளி வளையைத் துடைப்பத்தால் சுட்டினாள்.

"இதுதாங்கய்யா வாசல்."

"இதுக்குள்ள எப்படிம்மா போறது?" என்றார் அதிகாரி.

"எனக்கென்னங்கய்யா தெரியும்? நான் வெளியில கூட்டுறவ. தலைவர்தான் உள்ள போய் நூறு விளக்கு மாட்டிட்டு வந்தவரு. போன வழி அவருக்கு மறந்தா போகும்?"

அதிகாரி வளையைப் பார்த்தார். பிறகு தலைவரின் தொப்பையைப் பார்த்தார்.

"நீங்க முன்னால போங்க தலைவரே, நான் பின்னாலயே வர்றேன்."

அந்தப் பத்து லட்சம் திரும்பி வந்து கோட்டை வாசலில் கழிப்பறையானது. அம்சவேணி இன்னும் அங்கேதான் கூட்டுகிறாள். சுரங்கம் எங்கே என்று பயணிகள் கேட்டால், "பழைய தலைவர் வீடு அதோ இருக்கு, அவரைக் கேளுங்க" என்கிறாள்.