ராஜாவின் கண் முன்கட்டில் சேராது

எந்த நாடு, எந்த ராஜா என்றெல்லாம் கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் கோட்டைச் சுவருக்குக் கல் சுமந்த மொக்கையனுக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. வண்டியில் போக வேண்டிய கல் முதுகில் போனால் வேறென்ன ஆகும்? அவனுடைய எருதைக் கங்காணி பிடித்துக் கட்டிவிட்டான். தன் பயிரை மேய்ந்துவிட்டதாம். மேயவில்லை என்று சபையில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

ஆள்தான் இருக்கிறதே என்று நினைத்தான் மொக்கையன். தன் நாட்டில் யாரும் வழக்கென்றால் பயப்படக் கூடாதென்று ராஜாவுக்கு ஓர் ஆசை. அதற்குப் பிரதானி விருத்தகிரி வழி சொன்னார்: அறுப்புக்கு அறுப்பு வீட்டுக்கு ஒரு மூட்டை சோளம் முன்னாலேயே கட்டிவிட வேண்டும், வழக்கு வந்தால் பிரதானியின் ஆள் வாதாடுவார். ஜனங்கள் அதை முன்கட்டு என்றார்கள். மொக்கையன் ஆறு மூட்டை கட்டியிருந்தான்.

அவன் போய்ச் சொன்னதைப் பிரதானியின் ஆள் வெற்றிலையை மென்றபடி கேட்டார். “கங்காணிக்கும் உனக்கும் போன வருஷமே தகராறு. பழைய தகராறு முன்கட்டில் சேராது.”

“அப்ப எதுதாஞ் சாமி சேரும்?”

“யோசனை சேரும். சபையில் பணிவாகப் பேசு. இதுதான் யோசனை. நான் கூட வர வேண்டுமென்றால் தனிக்கூலி.”

மொக்கையன் வெளியே வந்தான். எதிரே வந்த அரண்மனை விகடன் அம்பலக்கூத்தனை மறித்தான். “ஐயா, நாங் கட்டுனது எதுக்குங்க?”

கூத்தனுக்கும் தெரியவில்லை. சபையில் போய் அதையே கேட்டான். கூத்தன்மேல் வெகுநாளாய் வயிறெரிந்த பிரதானிக்கு அது போதும். “அரசே, தங்கள் திட்டத்தையே பழிக்கிறான்.”

ராஜாவின் முகம் சிவந்தது. “குறை இருந்தால் காட்டு. ஆனால் முன்கட்டைப் பழித்து ஒரு சொல் சொன்னாலும் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்.”

“உத்தரவு, அரசே. நாளை சனிக்கிழமை. தங்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறேன். கூலியை மட்டும் இன்றே கொடுத்துவிடுங்கள்.”

ராஜா கொடுத்தார். மறுநாள் வெந்நீர் சுமக்க மொக்கையனைக் கூப்பிட்டார்கள். எதற்குத் தன்னை என்று அவனுக்குப் புரியவில்லை. கூத்தன் தலைக்கு எண்ணெய் வைத்தான், சீயக்காயை அரக்கித் தேய்த்தான். அது கண்ணுக்குள் போனது.

“எரிகிறது. தண்ணீர்.”

மொக்கையன் செம்பை எடுத்தான். கூத்தன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “அரசே, தாங்கள் கட்டிய கூலி தலைக்கு. கண் சேராது.”

“என்ன உளறுகிறாய்?”

“தவிரவும், தாங்கள் என்னைக் கேட்பதற்கு முன்பே எரிச்சல் தொடங்கிவிட்டது. பழைய எரிச்சல் சேராது. யோசனை வேண்டுமானால் சொல்கிறேன். தண்ணீர் ஊற்றினால் போய்விடும்.”

“ஊற்றித் தொலை.”

“ஊற்றுவதற்குத் தனிக்கூலி.”

“ராசா கண்ணு போயிரப் போவுது சாமி,” என்று மொக்கையன் முணுமுணுத்தான். “ஊத்திரட்டுமா?”

வாசலில் நின்ற பிரதானி உள்ளே பாய்ந்தார். “அரசே, இது பகல்கொள்ளை. கூலியை முன்னாலேயே வாங்கிக்கொண்டு, வேண்டிய நேரத்தில் கைவிரிப்பவனைச் சிறையில் தள்ள வேண்டும்.”

“நான் ஒரு சொல்லும் பழிக்கவில்லை, அரசே,” என்றான் கூத்தன். “பழித்தது பிரதானி.”

மொக்கையனால் பொறுக்க முடியவில்லை. கையை உதறிக்கொண்டு செம்புத் தண்ணீரை ராஜாவின் முகத்தில் ஊற்றினான். ராஜா கண்ணைக் கசக்கிப் பிரதானியைப் பார்த்தார், கூத்தனைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டார்.

“உன் வழக்கு என்ன?” என்று மொக்கையனைக் கேட்டார்.

“எம்மாடு மேயலிங்க ராசா. அன்னிக்குப் பூரா கோட்டைக்குத்தாங்க கல்லு இழுத்துச்சு.”

கோட்டைக் காவலனும் ஆமாம் என்றான். முன்கட்டை அன்றே எடுத்துவிட்டு, வாங்கிய சோளத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் ராஜா. ஆகட்டும் என்றார் பிரதானி.

எருது வீடு வந்தது. குளியலுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று மொக்கையனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பிரதானி அவனுக்குத் தர வேண்டியது ஆறு மூட்டை சோளம். இன்னும் தரவில்லை.