குளத்தங்கரையில் இருபத்திரண்டு நிமிடம்

கடையத்துக்கு மேற்கே மலையடியில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் உலகம்மாள். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தாணுமாலயனுக்கு அறுபத்தொன்று. டெலிபோன் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் அது வித்தியாசமாகப் பட்டதே இல்லை.

மடத்துக்கு ஒரு பக்தர் கார் ஒன்று கொடுத்தார். அதில் கம்பெனிக்காரர்களே பொருத்தி அனுப்பிய திரை ஒன்று இருந்தது. போகிற ஊரைச் சொன்னால் வழி சொல்லும். எல்லாரும் அதைப் பார்த்து அதிசயப்பட்டார்கள். தாணுமாலயன் மட்டும் மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான்காம் நாள் குருவிடம் போனார்.

"அம்மா, இதுக்குள்ள ஒரு சிம் இருக்கு. நாம எங்க போறோம், எங்க நிக்கோம்னு அது எங்கேயோ சொல்லிக்கிட்டே இருக்கு."

"யாருக்குச் சொல்லுது?"

"அதுதான் தெரியல."

"நாம போறது ஆஸ்பத்திரிக்கும் அரிசி மண்டிக்கும். கேக்கிறவன் கேட்டுட்டுப் போறான்."

"ஒருத்தன் சும்மா கேப்பானா அம்மா?"

குரு சிரித்தார். கழற்றினால்தான் உங்களுக்கு உறக்கம் வரும் என்றால் கழற்றிவிடுங்கள் என்றார்.

தாணுமாலயன் கழற்றினார். அந்த இடத்தில், தானே ஒரு கம்ப்யூட்டர் செய்து பொருத்தினார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதற்கு ஒரு திரை, டேஷ்போர்டின் மேல் ஒரு ஜிபிஎஸ் வில்லை, ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து ஓர் ஒயர். ஜில்லா முழுவதற்கும் வரைபடத்தை ஒரு மெமரி கார்டில் ஏற்றி உள்ளேயே வைத்துவிட்டார். சிம் கிடையாது. வண்டி எங்கே போனது, எவ்வளவு நேரம் நின்றது, இன்ஜின் என்ன சூட்டில் ஓடியது எல்லாம் அதில் பதியும். ஆனால் வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அவர் அறையில் இருக்கிற கம்ப்யூட்டரில் அவர் பார்த்தால்தான் உண்டு.

வண்டிக்கு முக்கியமான வேலை ஒன்றே ஒன்று. பக்கத்து ஊரில் பேரின்பம் என்று ஒரு நர்ஸம்மா தனியாக இருந்தார். சுற்று வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலிக்குப் போய் நான்கு மணி நேரம் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். அதை விட்டால் அவர் இரண்டு வாரம் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவரைக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறவன் கோயில்பிச்சை. மடத்து டிரைவர். அதிகம் பேசமாட்டான்.

மூன்று வாரம் கழித்துத் தாணுமாலயன் ஒரு காகிதத்தோடு குருவிடம் வந்தார். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் திரும்பி வருகிற வழியில், முக்கூடலுக்கு முன்னால் வண்டி ரோட்டை விட்டு இறங்குகிறது. ஒரு குளத்தங்கரையில் நிற்கிறது. ஒரு நாள் இருபது நிமிடம். ஒரு நாள் இருபத்திரண்டு. அந்த இடத்தில் கடை இல்லை, வீடு இல்லை, கோயில்கூட இல்லை.

நர்ஸம்மாவிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தேன் என்றார். வரும்போது நான் உறங்கிவிடுவேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தம்மா சொன்னாராம். ஆக, நோயாளி உறங்குகிற நேரம் பார்த்து இவன் யாரையோ பார்க்கிறான், அல்லது டீசலை இறக்குகிறான்.

"பிச்சைகிட்டக் கேட்டீங்களா?" என்றார் குரு.

"கேட்டா அவன் உஷாராயிருவான்."

"கேக்காததால நீங்கதான் மூணு வாரமா உஷாரா இருக்கீங்க. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. போய்க் கேளுங்க."

அவர் கேட்டார். இன்ஜின் சூடாகிவிடுகிறது, பானெட்டைத் திறந்து ஆறப்போடுகிறேன் என்று பிச்சை சொன்னான்.

தாணுமாலயன் அதற்குத்தான் காத்திருந்தார். அவனை அறைக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரில் காட்டினார். குளத்தங்கரையில் நின்றபோது எண்பத்தெட்டு டிகிரி. அதற்கு முந்தின தடவையும் எண்பத்தெட்டு. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் எண்பத்தெட்டு. நல்ல இன்ஜின் ஓடுகிற சூடு அதுதான்.

பிச்சை திரையையே பார்த்தான். இதில் இன்னும் என்னவெல்லாம் தெரியும் என்று கேட்டான். எல்லாம் தெரியும் என்றார் அவர்.

"இனிமே நிக்காது சார்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரிதான் என்று தாணுமாலயன் குருவிடம் சொன்னார். அவனை அனுப்பிவிட்டு வேறு ஆள் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வண்டி எங்கேயும் நிற்கவில்லை. வரைபடத்தில் கோடு ரோட்டோடு ஒட்டி வந்தது. தாணுமாலயன் அதைக் குருவிடம் காட்டிச் சந்தோஷப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நர்ஸம்மா வீட்டுக்குப் போன வண்டி காலியாகத் திரும்பி வந்தது. ஊசி குத்திக் குத்திக் கை மரத்துப்போச்சு, போதும், இனி நான் வரலை என்று சொல்லிவிட்டாராம். அந்த வெள்ளியும் வண்டி காலியாகவே திரும்பியது.

ஏன் என்று பிச்சையிடம் கேட்டால், தெரியாது என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றுதான் இருந்தது. தாணுமாலயன் ஒரு கணக்குப் போட்டார். இவன் செய்கிறது அந்தம்மாவுக்குத் தெரியும். வெளியே சொல்லிவிடக் கூடாதென்று இவன்தான் மிரட்டியிருக்கிறான்.

"கிளம்புங்க, போய்ப் பாப்போம்," என்றார் குரு.

நர்ஸம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. அப்போதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலைதான் கட்டியிருந்தார். நகத்தில் அழுக்கு இருந்தால் பிள்ளை பெற்றவளின் மாமியாரையே வாசலில் நிறுத்தி வைத்தவர் அவர். தாணுமாலயனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணாச்சி வெளியே இருக்கட்டும் என்றார் குரு.

ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே பிச்சை காரின் ஒரு பக்கமும் தாணுமாலயன் மறு பக்கமும் நின்றார்கள்.

குரு வந்து ஏறிக்கொண்டார். என்னம்மா சொன்னாங்க என்று தாணுமாலயன் கேட்டார்.

"அவ எனக்குச் சொன்னா. உங்களுக்குச் சொல்லலை."

பிறகு முக்கூடல் ரோட்டில் போகச் சொன்னார். முக்கூடலைத் தாண்டிக் குளத்துக்கு இறங்குகிற தடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். பிச்சை வேகத்தைக் குறைத்தான். ஆனால் நிறுத்தவில்லை.

"வேண்டாம்மா. பதிஞ்சிரும்."

"பதியட்டும்."

வண்டி கரையில் போய் நின்றது. குரு இறங்கித் தண்ணீரை நோக்கி நடந்தார். பிச்சை இறங்கினான், பானெட்டைத் தூக்கினான், குளத்துக்கு முதுகைக் காட்டி, தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றான். ஸ்பேனரையோ துணியையோ எடுக்கவில்லை. சும்மா நின்றான்.

தாணுமாலயன் திரையைப் பார்த்தார். எண்பத்தெட்டு.

அவரும் இறங்கினார். கரையில் ஒரு துவைக்கிற கல். அதன் அடியில் ஒரு கொட்டாங்கச்சியில் சோப்புத் துண்டு. பக்கத்தில் நின்ற உடைமுள் மரத்தின் கிளையில், யாரோ துணி காயப்போட்டுப் பட்டை உரிந்திருந்தது. காரின் பின் சீட்டில் எப்போதும் ரப்பர் விரிப்பு கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் நர்ஸம்மா மஞ்சள் பையில் இன்னொரு சேலை கொண்டு போவதையும் பார்த்திருக்கிறார். ஏன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்து எழுந்த உடம்பு. வண்டி குலுங்கும்போது வயிறு நிற்காது. வாந்தியோ, மற்றதோ. சேலையோடு போய்விடும். ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்லிக்கொடுத்தவர், இந்தக் கல்லில் உட்கார்ந்து அலசி, உடம்பைக் கழுவி, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு ஏறுவார். இருபது நிமிடம், இருபத்திரண்டு நிமிடம். டிரைவர் எதையும் பார்க்கவில்லை. அவனுக்கு இன்ஜினில் வேலை இருந்தது. வேறு ஒருத்தருக்கும் தெரியாது என்ற தைரியத்தில்தான் அந்தம்மா வாரம் இரண்டு முறை இந்த வண்டியில் ஏறி உயிரோடு இருந்தார்.

நிற்காமல் வந்த அந்த வெள்ளிக்கிழமை, அவர் எப்படி வீட்டு வாசலில் இறங்கியிருப்பார் என்பதும் தாணுமாலயனுக்குத் தெரிந்துபோயிற்று.

குரு காலைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் பிச்சை தலையை வெளியே எடுத்தான்.

மடத்துக்கு வந்ததும் தாணுமாலயன் குருவின் முன்னால் போய் நின்றார்.

"நர்ஸம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்."

"எதுக்கு மன்னிப்புன்னு கேப்பா. என்ன சொல்லுவீங்க?"



"அப்ப வண்டியில நான் வச்ச பெட்டியைக் கழட்டிருதேன்."

"ஏன் கழட்டினாருன்னு கேப்பா."

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலைப் பூஜை மணி அடித்தபோது அவர் இடம் காலியாக இருந்தது. பிச்சையை எழுப்பி வண்டியை எடுக்கச் சொல்லிக் கிளம்பியிருந்தார்.

நர்ஸம்மா வீட்டு வாசலில் நின்று பிச்சையைப் பக்கத்தில் கூப்பிட்டார். உள்ளே கேட்கிற மாதிரி சத்தமாகவே பேசினார். இவன் சொன்னதுதான் சரி, நான்தான் அவசரப்பட்டுக் கோபித்துவிட்டேன், இந்த வண்டி திரும்பி வரும்போது சூடாகத்தான் செய்கிறது, பாதி வழியில் எங்கேயாவது தண்ணீர் பக்கமாக அரை மணி நிறுத்தாவிட்டால் இன்ஜின் போய்விடும் என்றார்.

நர்ஸம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க பெட்டியில சூடே இல்லைன்னு காட்டிச்சாமே?"

"தப்பாக் காட்டியிருக்கும்மா."

"தப்பாக் காட்டுமா? நீங்களே உக்காந்து செஞ்சதுல்லா?"

"நானே செஞ்சதுதான். அதனாலதான்."

நர்ஸம்மாவின் பார்வை பிச்சையிடம் போனது. பிச்சை வண்டியைப் பார்த்தபடி சொன்னான்.

"ஆமா நர்ஸம்மா. இது சூடாகிற வண்டிதான். சாருக்கு இப்பத்தான் பிடிபட்டிருக்கு."

அந்தம்மாவுக்கு மூச்சு இரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, இரண்டு பேரும் வாசலை மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க என்று அதட்டிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் மஞ்சள் பை இருந்தது.

தாணுமாலயன் அந்த வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸில் மடத்துக்கு வந்தார். சாயங்காலம் வண்டி திரும்பி வந்ததும் பிச்சையிடம் சாவியை வாங்கி, பதிவை எடுத்துப் பார்த்தார். குளத்தங்கரையில் முப்பத்தொரு நிமிடம். எண்பத்தெட்டு டிகிரி. அதை அப்படியே அழித்துவிட்டு, நின்ற நேரத்தையும் சூட்டையும் இனிமேல் பதியாதபடி பெட்டியை மாற்றினார். வழி காட்டுகிறதை மட்டும் வைத்துக்கொண்டார்.

பிறகு குருவிடம் போனார். குரு விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இலாகாவில நான் ஒரு ரீடிங்கைக்கூட மாத்திச் சொன்னதில்ல. இன்னைக்கு, சரியா வேலை செய்யுற பெட்டியைத் தப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"ம்."

"இன்ஜின் சூடுன்னு பிச்சை சொல்லுதது பொய். உறங்கிட்டேன்னு நர்ஸம்மா சொன்னதும் பொய். இப்ப நான் சொன்னதும் பொய். நான் சொன்னதை அவங்க நம்பினாங்களா, நம்பின மாதிரி இருந்துட்டாங்களான்னுகூட எனக்குத் தெரியல. இப்படி ஒரு வண்டியில யாரை நம்பி யாரும்மா போறது?"

குரு திரியை எண்ணெயில் தோய்த்து எடுத்தார்.

"இப்பத்தான் அண்ணாச்சி, நீங்களும் அந்த வண்டியில ஏறியிருக்கீங்க."