மிச்சம் வைக்கும் பதின்மூன்று

ஒரு காட்டுக் குளத்தை நம்பிப் பதின்மூன்று வாத்துகள் பிழைத்துவந்தன. அவற்றில் ஒருத்தி பொன்னலகி. எங்கே போனாலும் கடைசியாக வந்து சேருவாள். நடந்தால் வயிறு மண்ணில் கோலம் போடும், பாவம்.

தண்ணீரைக் கண்டால் போதும், வாத்துகள் முண்டியடித்துக்கொண்டு கூச்சல் போடும். அதனால் குளக்கரையில் படுக்கும் சிங்கராஜாவுக்குத் தூக்கமே இல்லை. இதைக் கவனித்த நரி, மூன்று நாள் புதருக்குள் உட்கார்ந்து வாத்துகளை எண்ணியது. பிறகு ராஜாவிடம் போய்க் குழைந்தது.

"ராஜா, வாத்துகள் சமமான வரிசைகளாக நின்றால்தான் குளத்தில் இறங்கலாம் என்று சட்டம் போடுங்கள். நான் காவல் இருக்கிறேன். வரிசையில் சேராமல் மிஞ்சுவது என் கூலி."

"சரி. அவை சில தடவை நின்று பார்க்கட்டும், நான் சொன்ன பிறகுதான் உனக்குக் கூலி. வரிசையில் நிற்பவர்களைத் தொட்டால் உன் தோலை உரித்துவிடுவேன்" என்றது சிங்கம்.

மறுநாள் வாத்துகள் இரண்டிரண்டாக நின்றன. பொன்னலகி மிஞ்சினாள். மும்மூன்றாக நின்றன. பொன்னலகி. நான்கு நான்காக நின்றன. அப்போதும் பொன்னலகியேதான்! ஆறு ஆறாக நின்றபோது அவள் நடுவில் புகுந்துகொண்டாள். உடனே இன்னொருத்தி வெளியே வந்து விழுந்தாள். அவள் சும்மா இருப்பாளா? ஒரே தள்ளு. பொன்னலகி மறுபடி வெளியே.

"ஐந்தைந்தாக நின்று பாருங்களேன்" என்றது நரி, ரொம்ப அக்கறையாக.

நின்றன. மூன்று பேர் மிச்சம்.

"பேஷ், பேஷ். ஏழேழாக?"

ஆறு பேர் மிச்சம். நரிக்கு வாயில் எச்சில் ஊறியது.

"இன்னும் ஒரே தடவைதான்" என்று கொட்டாவி விட்டது சிங்கம். "அதிலும் மிஞ்சினால் நரிக்குச் சாப்பாடு."

நரி பொன்னலகியின் காதருகே வந்தது. "வீணாக ஏன் அலைகிறாய்? பதின்மூன்று பொல்லாத எண். எப்படிப் பிரித்தாலும் மிச்சம் வைக்கும். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தானே வந்தேன்."

அப்போதுதான் பொன்னலகிக்கு ஒன்று உறைத்தது. பிரித்தால்தானே மிச்சம்?

"அடியே, யாரும் பிரியாதீங்க!" என்று கத்தினாள். "குஞ்சா இருந்தப்போ அம்மா பின்னாடி எப்படி நடந்தோம்? அப்படியே ஒருத்தி பின்னாடி ஒருத்தி நில்லுங்க. நான் கடைசியில நிக்கிறேன்."

பதின்மூன்று வாத்துகளும் ஒரே வரிசையாக நின்றன. சிங்கம் எழுந்து எண்ணிக்கொண்டே நடந்தது. பதின்மூன்றாவதாக நின்ற பொன்னலகிக்குப் பின்னால் புல்தான் இருந்தது.

"ராஜா, இது ஏமாற்று வேலை. வரிசைகள் என்றுதானே சட்டம்? ஒரே வரிசை எதற்குச் சமம்?" என்று குதித்தது நரி.

"ஒரு வரிசை தனக்குத்தானே சமம். எனக்கு வேண்டியது ஒழுங்கு, அது இருக்கிறது" என்றது சிங்கம். பிறகு நரியை மேலும் கீழும் பார்த்தது. "ஆமாம், இங்கே வரிசையில் சேராமல் நிற்பது நீ மட்டும்தானே? இன்று முதல் காவலுக்கு நானே இருக்கலாம் என்று பார்க்கிறேன். கூலியும் எனக்கே."

நரி ஓடிய ஓட்டத்தில் புழுதி கிளம்பிக் குளமே மறைந்தது. வாத்துகள் ஒருத்தி பின் ஒருத்தியாகத் தண்ணீரில் இறங்கின. கடைசியாக, தொபீரென்று, பொன்னலகி.

பிரித்து விழுங்க நினைப்பவன் எவ்வளவு கணக்குத் தெரிந்தவனாக இருந்தாலும், பிரியாமல் நிற்பவர்களிடம் அவனுக்கு மிச்சம் எதுவும் கிடைக்காது.