கால் லிட்டரில் ஐம்பத்தெட்டுச் சுற்று

முடிச்சு சின்னதுதான். ஆனால் மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்ததில் இறுகிப்போனது. நிதானமாகக் கேளுங்கள்.

கோயம்புத்தூருக்கு வெளியே ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறை ஒன்று. ஒன்றாம் தேதியோடு மூடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். அங்கே மிச்சமிருந்தவர்கள் மூவர்: அச்சு செய்கிற நாச்சிமுத்து, வெல்டர் சென்னியப்பன், ரெசின் பூசுகிற தெய்வாத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் கம்பெனி போட்டி வைத்தது. கால் லிட்டர் பெட்ரோலில் அதிகச் சுற்று ஓடுகிற வண்டி ஜெயிக்கும். அது அவ்வளவு ஓடுவதற்கு யார் காரணமோ, அந்த ஒருவருக்கு வடிவமைப்புப் பிரிவில் நிரந்தர வேலை. ஒரே ஒருவருக்கு. "மொதல்ல ஜெயிப்போம், அப்புறம் பேசிக்கலாம்" என்று மூவரும் வேலையில் இறங்கினார்கள்.

நாச்சிமுத்து மேல்கூட்டை மீன் மாதிரி வழித்தெடுத்தார். "ஈ வந்து உக்காந்தாக்கூடக் காத்து கோவிச்சுக்கும், பாத்துக்க" என்பார்.

சென்னியப்பன் கம்பிகளில் எல்லாம் ஓட்டை போட்டுச் சல்லடையாக்கினான். நாற்பத்தெட்டுக் கிலோ வண்டி முப்பத்தெட்டானது. அதற்கும் மனசு ஆறாமல், ஓட்டப்போகிற தெய்வாத்தாளைப் பார்த்தான்.

"அந்தக் கம்மலக் கழட்டு புள்ள."

"காதையும் சேத்து அறுத்துக் குடுக்கட்டுங்களாண்ணா?"

போட்டிக்கு முதல்நாள் அதே கால் லிட்டரில் அதே தடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சினை அணைக்காமல் ஒரே சீராக ஓட்டச் சொன்னார்கள் ஆண்கள் இருவரும்; தெய்வாத்தாள் அப்படியே ஓட்டினாள். முப்பத்தாறு சுற்று.

மறுநாள் காலை எடை மேடை. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து தொண்ணூறு கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது விதி. தெய்வாத்தாள் நாற்பத்திரண்டு கிலோ. எடை பார்த்தவர் நிமிர்ந்தார்.

"பத்துக் கிலோ கொறையுதுங்க. மணல் மூட்டை வெச்சுக்குங்க."

மூட்டையைத் தூக்கி வைத்த சென்னியப்பனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குள் நாச்சிமுத்து பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டி, வண்டியின் மூக்கில் கை தடிமனுக்கு ஒரு செவ்வந்தி மாலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்.

"ஏனுங்ணா, இப்பக் காத்து கோவிச்சுக்காதா?" என்றான் சென்னியப்பன்.

"கழட்டினா சாமி கோவிச்சுக்கும். நீ சும்மா இரு."

மாலையோடும் மணலோடும் வண்டி புறப்பட்டது. எஞ்சின் தெய்வாத்தாளின் முதுகுக்குப் பின்னால். மூன்றாம் சுற்றில் முதுகு தோசைக்கல்லாய்க் காய, தாங்காமல் அணைத்துவிட்டாள். வண்டி நிற்கவில்லை, தன்பாட்டுக்கு உருண்டது. வேகம் தளர்ந்ததும் பட்டனை அழுத்திக் கிளப்பினாள்.

"அணைக்காத புள்ள! மானம் போகுது!" வேலியோரம் இரண்டு அண்ணன்களும் கத்தினார்கள்.

அவள் பக்கத்தில் பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். முந்தின சுற்றுகளில் இறங்கியதில் பாதிதான் அந்தச் சுற்றில் இறங்கியிருந்தது. அதன்பிறகு யார் கத்தியதும் அவள் காதில் விழவில்லை. கிளப்புவாள், வேகம் பிடிப்பாள், அணைப்பாள், உருள்வாள். எந்த வளைவில் அணைத்தால் எதுவரை உருளும் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஓட்டினாள். ஐம்பத்தெட்டுச் சுற்று. முதல் இடம்.

கம்பெனி அதிகாரி, "யாருங்க காரணம்?" என்று கேட்டார்.

"வடிவம் என்னுதுங்க" என்றார் நாச்சிமுத்து.

"பத்துக் கிலோ கொறச்சது நானுங்க" என்றான் சென்னியப்பன்.

"ஓட்டினது நானுங்க" என்றாள் தெய்வாத்தாள். முதுகு சுட்டு அணைத்ததையும் அப்புறம் குழாயைப் பார்த்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

"முதுகு சுட்டுச்சுன்னு அணைச்சவளுக்கு வேலையா? அப்ப அந்த எஞ்சினுக்குக் குடுங்க வேலைய!" என்றார் நாச்சிமுத்து.

அதிகாரி பேனாவைத் திறந்தபடி நின்றார். நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் யார் பெயரை எழுதுவீர்கள்?

விடை: தெய்வாத்தாள் பெயரை. வழித்த கூடும் குறைத்த எடையும் சேர்ந்து தந்தது முதல்நாளின் முப்பத்தாறு சுற்று. மறுநாள் அந்தப் பத்துக் கிலோ மணலாகத் திரும்பி வந்துவிட்டது. காற்றுக்கு வழிவிட்ட மூக்கை, வழித்தவரே பூவால் அடைத்துவிட்டார். நியாயமாக முப்பத்தாறுக்கும் கீழே போயிருக்க வேண்டும். கூடுவதற்குத் தோதாக மாறியது ஓட்டிய விதம் மட்டுமே. சூட்டுக்காக அணைத்தாள் என்பதும் உண்மைதான், ஆனால் அது ஒரே ஒரு தடவை. குழாயைப் பார்த்த பிறகு அணைத்ததெல்லாம் அவள் மூளை. அதிகாரியும் அப்படித்தான் எழுதினார். ஒன்றாம் தேதி மற்ற இருவரும் எங்கே போனார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு என்னிடம் விடை இல்லை.